அப்பாவின் மனநிலை என்ன?

சீனாவில் ஏதோ ஒரு ஊரில் படிக்கிற மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்மேல் உமாதேவிக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்திருந்தது. முகம் தெரியாத பிள்ளைகள். அவள் எழுதிய கதையில் வரும் அப்பா சந்தோஷமாக இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்காமல் விட்டார்கள், அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

தென்காசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய அலுவலகம். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஆங்கிலத் தேர்வு தயாரித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. பிள்ளைகள் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள், கண்ணால் வாசித்து எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று சோதித்துச் சொல்வது தொழில். உமாதேவி கதையும் கேள்வியும் எழுதுவாள். பிரின்ஸ் அதைப் பேசிப் பதிவு செய்வான். வேல்விழி மதிப்பெண்களை அலசுவாள். எல்லாருக்கும் மேலே சந்தோஷ்குமார். உமாதேவியைவிட வயதில் இளையவன், வாய் நிறைய அக்கா என்பான். ஆனால் அறிக்கை அனுப்பும் நாள் வந்துவிட்டால் அவன் யாருக்கும் தம்பி இல்லை.

இந்தத் தடவை ஒரே கதையை இரண்டு வகுப்புகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு வகுப்பு பிரின்ஸ் குரலில் கேட்டது. மற்றது தாளில் வாசித்தது. கேள்விகள் இரண்டுக்கும் ஒன்றேதான்.

கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குடும்பம் அருவியில் குளிக்க வந்திருக்கிறது. காலையிலிருந்தே தூறுகிறது. மலை மேகத்துக்குள் மறைந்துவிட்டது. குளிர்ந்த காற்று அடிக்கிறது. அப்பா வானத்தைப் பார்த்து, "நம் அதிர்ஷ்டத்தைப் பார்த்தீர்களா?" என்கிறார். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பிள்ளைகளைக் கிளப்புகிறார். வழியெல்லாம் ஆட்கள் நனைந்தபடி நிற்கிறார்கள். அப்பாவின் மனநிலை என்ன, ஆட்கள் ஏன் நிற்கிறார்கள், இந்தக் குடும்பம் அடுத்த வருடமும் வருமா என்று கேள்விகள்.

கேட்ட வகுப்பில் அநேகமாக எல்லாரும் சரி. வாசித்த வகுப்பில் அநேகமாக எல்லாரும் தப்பு. அப்பா ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு கேலி பேசுகிறார் என்று போட்டிருந்தார்கள்.

"வாசிக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்றான் சந்தோஷ்குமார். "கேக்குறது பிரமாதம், வாசிப்பு வீக். அறிக்கையில ரெண்டு வரி எழுதுனா சோலி முடிஞ்சுது. நாளைக்குச் சாயங்காலம் அனுப்பிருவேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றாள் வேல்விழி. "மத்த கதையில எல்லாம் முழு மார்க் வாங்குன பிள்ளைகதான் இதுல தப்பு விட்டிருக்கு. ஒண்ணுமே தெரியாம குத்துமதிப்பாப் போட்ட நாலஞ்சு பேருக்குத்தான் சரியா விழுந்திருக்கு. அப்படி வந்தா கேள்வியிலதான் கோளாறுன்னு நீங்கதான சொல்லித் தந்திய?"

உமாதேவிக்குச் சுருக்கென்றது. "என் கேள்வியில என்னட்டி கோளாறு? சாரல் விழுது, மனுஷன் எண்ணெயத் தேச்சுக்கிட்டு அருவிக்குப் போறாரு. இதுக்கு மேல சந்தோஷம்னு நெத்தியில எழுதி ஒட்டணுமா?"

"எனக்குப் புரியுதுக்கா. அவங்களுக்கு ஏன் புரியலன்னுதான் கேக்கேன்."

"அதுக்குப் பேருதான் வாசிக்கத் தெரியாதது" என்று சந்தோஷ்குமார் மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்தான்.

அந்த நேரம் பார்த்து வீடியோவில் அந்தப் பள்ளியின் ஆசிரியை லின் வந்தாள். மெல்லிய குரல், நிதானமான ஆங்கிலம். அறிக்கையில் வாசிப்பு பலவீனம் என்று வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுதல் வகுப்பு வைக்கத் தலைமையாசிரியர் முடிவு செய்திருக்கிறார் என்றாள். அவர்கள் விடுதிப் பிள்ளைகள். வாரத்தில் வீட்டுக்குப் போய்வர அந்த மதியம் ஒன்றுதான் உண்டு. அதில் கை வைப்பதற்கு முன்னால், ஏன் அப்படி விடை எழுதினீர்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு வாங்கியிருக்கிறேன், பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

அவள் அனுப்பியதை உமாதேவி வாசித்தாள். வாசிக்க வாசிக்கத் தலை சூடேறியது. பயணம் கெட்டுப்போனதில் பிள்ளைகள் அழுதுவிடக் கூடாதே என்று அப்பா தைரியம் காட்டுகிறார், அவர் நல்ல அப்பா என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ஜலதோஷம் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தேய்க்கிறார், அதனால் கவலையில் இருக்கிறார் என்றான் ஒருவன். ஆட்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள்: மழை விடட்டும் என்று காத்து நிற்கிறார்கள்.

"மழை விடணுமாம்" என்றாள் உமாதேவி. "இதுக குத்தாலச் சீசனுக்கு வந்தா உருப்படுமா?"

கோபம் அடங்காமல் கீழே இறங்கினாள். மருந்துக்கடை நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் கதையைத் தமிழில் சொன்னாள். மலை மேகத்துக்குள் போனது என்ற இடத்திலேயே அவர் நிறுத்திவிட்டார்.

"ஆகா, தண்ணி நல்லா விழும். சந்தோஷத்துக்குக் கேக்கணுமா?"

"கதைய முழுசாக் கேளுங்க அண்ணாச்சி."

"இதுல கேக்க என்னம்மா இருக்கு?"

வீட்டிலும் அதே கதைதான். அவளுடைய கணவர் பரமேஸ்வரன் பாதிக் கதையிலேயே எழுந்து ஜன்னலுக்குப் போய் மேற்கே பார்த்தார். உண்மையில் கதையில் வரும் அப்பா அவர்தான். மலையில் கொஞ்சம் இருட்டினால் போதும், பண்டிகை வந்த மாதிரி எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுகிற மனுஷர்.

"நல்லவேளை ஞாபகப்படுத்தின. நாளைக்குச் சனிக்கிழமை. குத்தாலம் போவமா?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதிய?"

"போற வழியில கேளு, பதில் சொல்லுதேன்" என்றார் அவர்.

யாரைக் கேட்டாலும் சரியான விடைதான் வந்தது. அதில் அவளுக்கு நியாயமாக ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டவர் ஒருவர்கூடக் கதையின் கடைசி வரிவரை வரவில்லை என்பது உள்ளே எங்கேயோ நெருடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடவேண்டிய பிள்ளைகள் தன் கதையை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கையில் எரிச்சல் இன்னும் கூடியது. தப்புச் செய்தவர்கள்மேல் இரக்கமும் வந்துவிட்டால் மனுஷர் படுகிற அவஸ்தை இருக்கிறதே, அது தனி.

மறுநாள் காலையில் குற்றாலம். மெயினருவிக்குப் போகிற சாலையில் கால் வைக்க இடமில்லை. சாரல் பன்னீர் தெளிப்பதுபோல் விழுந்துகொண்டிருந்தது. பஜ்ஜி வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. கோயில் மணி கேட்டதும் உமாதேவி நின்ற இடத்திலிருந்தே குற்றாலநாதருக்கு ஒரு கும்பிடு போட்டாள். பரமேஸ்வரன் உடம்பெல்லாம் எண்ணெயாக, கையில் துண்டோடு பறந்தார்.

"ஏட்டி, நீ குளிக்கலயா?"

"துணிப் பைய நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க."

பழக்கடை ஒன்றின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் ஒரு வடநாட்டு இளைஞன், மனைவி, பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்ட சின்னப் பெண். மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். இளைஞன் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

"மேடம், இந்த மழை எப்போது நிற்கும்?"

உமாதேவிக்குச் சுர்ரென்று ஏறியது. இங்கேயும் ஒருவனா? "எதற்கு நிற்க வேண்டும்?"

"தென்காசி ஸ்டேஷனில் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்றைக்குத்தான் லீவு கிடைத்தது. குழந்தை அருவி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வந்த நேரம் மழை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது."

"இது மழை இல்லை, சாரல். இது விழுந்தால்தான் எங்களுக்குச் சீசனே. இத்தனை பேர் நனைந்துகொண்டு நிற்கிறார்களே, தெரியவில்லையா?"

அவன் சாலையைப் பார்த்தான். பிறகு தயங்கிச் சொன்னான். "அவர்களும் எங்களைப் போல மழை விடட்டும் என்று காத்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே."

அந்தப் பிள்ளைகள் எழுதிய அதே விடை. எழுத்து மாறாமல் அதே விடை. இவனுக்குக் கண் இருக்கிறது, அறிவு இருக்கிறது, நின்று பார்க்கவும் செய்கிறான். ஒருவரும் சொல்லாததைத்தான் அவனால் அறிய முடியவில்லை.

கைப்பேசியில் இருந்த கதையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "தம்பி, சிரமம் பார்க்காமல் இதை வாசித்துவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியுமா? சாரலைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிட வேண்டும்."

மழையில் நிற்கிறவனுக்குப் பரீட்சை வைக்கிற பெண்மணியை அவன் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான். ஆனாலும் நல்ல பையன், கடைசி வரிவரை பொறுமையாக வாசித்தான். "நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், பாவம் இந்த அப்பா என்றுதான் சொல்லியிருப்பேன். பிள்ளைகளுக்காகச் சிரிக்கிறார்."

அதற்குள் பரமேஸ்வரன் நடுங்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய வந்து சேர்ந்தார். உமாதேவி எண்ணெய்ப் புட்டியை அவர் கையில் கொடுத்து, "ஏங்க, இந்தத் தம்பியக் கூட்டிட்டுப் போயி ஒரு குளிப்பாட்டு குளிப்பாட்டிக் கொண்டாங்க" என்றாள். இன்னொரு முறை குளிக்கக் காரணம் கிடைத்ததில் அவர் இந்தி தெரியாததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. சின்னப் பெண் மழைக்கோட்டைக் கழற்றி அம்மா கையில் திணித்துவிட்டு அப்பா பின்னால் ஓடினாள்.

உமாதேவி சந்தோஷ்குமாரைக் கூப்பிட்டாள்.

"சந்தோஷ், அறிக்கைய அனுப்பிராத. தப்பு என் கதையில."

"உமாக்கா, விளையாடுதியளா? நேத்து வரைக்கும் நீங்கதான் பிள்ளைகள வைதிய."

"வைதேன். இப்ப என்னையத்தான் வையணும். சாரல் விழுந்தா சந்தோஷம்னு கதையில எங்கடே இருக்கு? ஒரு வரி காட்டு பாப்போம்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அவன் கதையைத் திறந்து தேடுகிறான் என்று தெரிந்தது.

"அது... எல்லாருக்கும் தெரியுமே."

"தென்காசிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அதான் நம்மள்ல ஒருத்தருக்கும் கண்ணுல படல."

"அப்ப கேட்ட வகுப்பு எப்படிச் சரியாப் போட்டுது?"

"பிரின்ஸ் பேசினதக் கேட்டுப் பாரு. அந்த வரியச் சொல்லும்போது பாவி சிரிக்கான். சந்தோஷம் அவன் தொண்டையில இருந்துச்சு, என் எழுத்துல இல்ல. அந்தப் பிள்ளைக காதும் சரியாத்தான் இருக்கு, கண்ணும் சரியாத்தான் இருக்கு."

"கேள்வி தப்புன்னு நம்மளே எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் நம்மளக் கூப்பிடுவாங்களாக்கா? கம்பெனிய யோசிக்க வேண்டாமா?"

"யோசி. ஆனா வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைய வாசிக்கத் தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு மத்தியானம் அது வீட்டுக்குப் போகாம உக்காந்திருக்கும்போது உனக்குச் சோறு இறங்குமா?"

"என்னத்த நீங்க..." என்றான் சந்தோஷ்குமார். பிறகு தொலைபேசிக்கு வெளியே யாரிடமோ கத்தினான். "வேல்விழி, அந்த ஒரு கதைய எடுத்துட்டு மத்ததுக்கு மட்டும் மார்க்கு போடு. ஆமா, நீ சொன்னதுதான் சரி. சிரிக்காத." மறுபடியும் இவளிடம் வந்து, "மன்னிப்பு நீங்களே எழுதுங்க. என்னால ஆவாது" என்று வைத்துவிட்டான்.

பழக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றே உமாதேவி லின்னுக்கு எழுதினாள். கதையில் நாங்கள் சொல்லாமல் விட்டதை உங்கள் பிள்ளைகளிடம் விடையாகக் கேட்டுவிட்டோம், பிழை என்னுடையது, உங்கள் வகுப்பு நன்றாகவே வாசிக்கிறது, திருத்திய அறிக்கை இன்றே வரும் என்று எழுதினாள். ஒருவர் தவறான விடை சொல்லும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று நின்று கேட்பது பெரிய தர்மகாரியம் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷத்தை லின் செலவழித்தாள், வேல்விழி செலவழித்தாள். தனக்குத்தான் அது கிடைக்கவில்லை. உமாதேவி அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு அனுப்பினாள்.

மறுநாள் ஞாயிறு காலை, தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது பதில் வந்தது. சீனாவில் அப்போது மதியம். கூடுதல் வகுப்பு இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் சற்றுமுன்தான் வீட்டுக்குக் கிளம்பினார்கள் என்று லின் எழுதியிருந்தாள். அடுத்த வருடம் தேர்வு உண்டா இல்லையா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சந்தோஷ்குமார் கட்டாயம் அதைத்தான் முதலில் கேட்பான்.

கடைசியில் இப்படி இருந்தது: "இங்கே கனமழை. அப்பா நல்லவர் என்று எழுதினாளே, அந்தப் பெண் கையில் குடையோடு பள்ளி வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, 'நம் அதிர்ஷ்டத்தைப் பார்த்தீர்களா?' என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை."

உமாதேவிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு முகத்தைப் பார்க்காமலா இருந்தாள் இந்த டீச்சர்? தோசை கருகுவதைக்கூடக் கவனிக்காமல் கைப்பேசியில் தட்டினாள்: "குடை வைத்திருந்தாளே, அதை விரித்தாளா?"

உள்ளேயிருந்து பரமேஸ்வரனின் குரல் கேட்டது. "உமா, மேக்க நல்லா இருட்டிருக்கு. அந்த எண்ணெய்ப் புட்டிய எங்கன வச்ச?"