படத்தில் தெரிந்த பின்னல்

சோப்புக் கடைக்காரன் மகளைத்தான் கட்டுவேன் என்று பீபிசாராவின் தம்பி மகன் ஜின்னத் பிடிவாதமாக நின்றான். தம்பி காலமான பிறகு வீட்டின் பேச்சு அவள் பேச்சுதான். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லி அனுப்பவே அவள் பெண்ணின் தாய் ஷம்செனூரைத் தேநீருக்கு அழைத்திருந்தாள். கசான் நகரத்தில் நாலு தலைமுறையாகப் பேர் சொல்லி வாழ்ந்த குடும்பம், சோப்பு வாசனையோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளாது.

வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. தேன் பிசைந்த சக்சக் பலகாரத் தட்டோடு, கண்ணாடி போட்ட ஒரு பழைய படத்தையும் மேசைமேல் வைத்தாள். நூறு வருஷத்துக்கு முன் ஊர் ஊராகச் சுற்றிய ஓவியன் ஒருவன் வரைந்து அச்சிட்டதாம். படத்தில் இருப்பது தன் கொள்ளுப்பாட்டியாம். கீழே 'கசான் செல்வச் சீமாட்டி' என்று ருஷ்ய எழுத்து.

பீபிசாரா கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்த பெண். மீன் செதில்போல வெள்ளிக் காசுகள் தைத்த கஷ்பாவ், முதுகில் இடுப்புவரை தொங்கும் அதன் வால், எல்லாம் இருந்தது. கல்யாணமானவள் மட்டுமே தலையில் வைக்கும் அணி அது. ஆனால் அதற்கடியிலிருந்து ஒற்றைப் பின்னல் தோளில் வழிந்தது. பீபிசாராவுக்குச் சிரிப்பு வந்தது.

"கஷ்பாவ் வச்சவ ரெட்டைப் பின்னல் போட்டு மூடி வைப்பா. ஒத்தப் பின்னலைத் தொங்க விட்டா அவ கன்னிப் பொண்ணு. உங்க சீமாட்டிக்கு அதுகூடவா தெரியல? எங்கேயோ இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"இரவல்தான் அக்கா," என்றாள் ஷம்செனூர், தேநீரை ஆற்றியபடி. "அந்த வாலை நல்லாப் பாருங்க."

பார்த்தாள். வாலில் வரிசையாக நீலக்கற்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக்கல். பீபிசாராவின் பெட்டியில் இருக்கும் கஷ்பாவிலும் அதே இடத்தில் அதே சிவப்புக்கல். தங்கள் வீட்டு மருமகள்களைத் தவிர வேறு எவள் தலையும் அதைத் தொட்டதில்லை என்று எத்தனை கல்யாணத்தில் அவள் பெருமை பேசியிருக்கிறாள்!

"எங்க கொள்ளுப்பாட்டி உங்க வீட்டுச் சமையல்காரி. ஓவியனைப் பெரிய அதிகாரி ஒருத்தர் அனுப்பி வச்சார், மறுக்க முடியல. வீட்டு மருமகளை அந்நிய ஆம்பள முன்னால உக்கார வைக்கவும் மனசு வரல. அதனால எங்க பாட்டிக்குக் கஷ்பாவை மாட்டி உக்கார வச்சாங்க. பாட்டிக்கு அப்போ கல்யாணம்கூட ஆகல, அதான் அந்தப் பின்னல்."

ஆக, நூறு வருஷமாக ஊர் உலகம் பார்த்துவரும் இந்தக் குடும்பத்துச் சீமாட்டி, அடுப்பு ஊதியவள். வெளியில் தெரிந்தால் வீதியே சிரிக்கும். முடியாது என்று சொன்னால் தெரியாமல் இருக்குமா? ஷம்செனூர் மிரட்டவில்லை, சக்சக்கைத்தான் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைசியில் பீபிசாரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நிக்காஹ் முடிஞ்சதும் உங்க பொண்ணு தலையில அதை நானே வைக்கிறேன். இந்தத் தடவையாவது ரெட்டைப் பின்னல் போட்டு மூடி வைக்கணும். உங்க வம்சத்துக்குத்தான் அது தெரியாதே. பதிலுக்கு அந்தப் படம் இங்கேயே இருக்கட்டும்."

"கஷ்பாவ் உங்க பெட்டியில இருக்கட்டும் சம்பந்தியம்மா," என்றாள் ஷம்செனூர், படத்தைத் துணியில் சுற்றியபடி. "பாட்டி எங்க சுவர்லயே இருக்கட்டும்."