எழுபதாயிரம் பேர்

முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பிவந்த ஒருவர் தன் மாணவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று இத்தாலிய ஆசிரியை லோ வெர்தே கேட்டிருந்தார். தமிழ்ச் சங்கத்தார் சாம்பவியைப் பிடித்தார்கள். பதினேழு வருடத்தில் அவள் அதை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. மே மாதத்துப் பின்னேரம் ஒன்றில், பலெர்மோ நகரின் பிரான்காச்சோவில் பட்டறைகளுக்கு நடுவே இருந்த சங்க மண்டபத்தில் முப்பது மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு தமிழர்.

மொழிபெயர்க்க ஏர்னஸ்ற் வந்தார். மன்னார்க்காரர், பலெர்மோவுக்கு வந்து முப்பது வருடம். தமிழருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். சாம்பவியின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் கடதாசிகளும் அப்போது அவர் வீட்டில்தான் இருந்தன. அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை.

பதினேழு வருடத்துக்கு முன், பால்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாம்பவியின் பதினாலு மாத மகனைத் தூக்கிக்கொண்டு தங்கை நிரோசினி வரிசைக்குப் போனாள். மேலே வேவு விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்பது பெண்களும் குழந்தைகளும் என்று அதற்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிறகு ஆமியின் செல் வந்து வரிசையில் விழுந்தது. இதைச் சாம்பவி சொல்லி முடித்ததும், இவருடைய மகனும் தங்கையும் இரு தரப்புச் சண்டையில் அகப்பட்டு இறந்தார்கள் என்று ஏர்னஸ்ற் இத்தாலியனில் சொன்னார். வேவு விமானத்தை விட்டுவிட்டார். வரிசையையும் விட்டுவிட்டார்.

லிபெர்த்தா வீதியில் ஒரு முதிய இத்தாலியப் பெண்ணை, சிஞ்ஞோராவை, பராமரிக்கத் தொடங்கிச் சாம்பவிக்குப் பதினொரு வருடம். அந்த வீட்டில் கற்ற இத்தாலியன் இதைப் புரிந்துகொள்ளப் போதும். ஏர்னஸ்ற் அதை யோசிக்கவில்லை. அவள் இனப்படுகொலை என்றாள். அவர் 'குவெர்ரா', போர், என்றார். அவள் அழுத்தி மறுபடி சொன்னாள். மறுபடியும் குவெர்ரா.

“அண்ணை, நான் சொன்னது அது இல்லை.”

“பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன்.”

“சொன்னதைச் சொல்லுங்கோ. இல்லாட்டி எழும்பிப் போங்கோ.”

முன்வரிசை தலையைக் குனிந்துகொண்டது. ஏர்னஸ்ற் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு எழுந்து போனார்.

மிச்சத்தை அவளே இத்தாலியனில் சொன்னாள். இறந்தகாலம் அவளுக்குச் சரியாக வராது. எல்லாம் இப்போது நடக்கிற மாதிரியே வந்தது. இது எப்படித் தொடங்கியது என்று ஒரு மாணவி கேட்டாள். தமிழரை அடித்த ஐம்பத்தாறு, எண்பத்துமூன்று என்று வருடங்களைச் சொல்லத்தான் சாம்பவி வாயைத் திறந்தாள். வந்தது வேறு. வன்னிக்குள் நாங்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்றாள். எழுபதாயிரம் பேர்தான் என்று அரசாங்கம் சொன்னது. சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான், அதுவும் குறைத்து. மிச்சப் பேர் கடதாசியில் இல்லை. கடதாசியில் இல்லாதவர்களைக் கொல்வது லேசு. மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் தன் கடதாசிகளைத் திருப்பி வாங்க ஏர்னஸ்ற் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி றோஸ்மேரி உள்ளே வரச் சொல்லவில்லை. ஏர்னஸ்ற் கடதாசிக் கட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கொடுத்தபிறகும் கையை எடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஊருக்குப் போனபோது புலனாய்வுக்காரர் விசாரணைக்குக் கூப்பிட்டு, பலெர்மோ நினைவுநாள் கூட்டத்தில் அவர் நிற்கும் படத்தைக் காட்டினார்களாம்.

“தம்பி றொஜர் அங்கை கடலுக்குப் போறவன். நான் இஞ்சை ஒரு சொல்லுச் சொன்னா அவன்ரை கதவைத்தான் தட்டுவாங்கள். உனக்கும் அம்மா இருக்கிறா தானே?”

“ஓம், இருக்கிறா. பயமெண்டா நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கோ. என்ரை வாயாலை வந்ததை மாத்தாதேங்கோ.”

றோஸ்மேரி கதவைச் சாத்தினாள். அந்த வாரமே தமிழ்க் கடையில் இரண்டு பேர் சாம்பவியைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். படிவங்களை அவள் சிஞ்ஞோராவின் மகளோடு இருந்து நிரப்பினாள்.

ஆறு வருடமாக ஊருக்குப் போகாதவள், அந்த ஆவணியில் போவதாக இருந்தாள். ஆடியில் விசுவமடுவில் இருந்து அம்மா நாகபூசணி போன் எடுத்தார். சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, மண்டபத்தில் சாம்பவி பக்கத்தில் ஒருவருமில்லாமல் நின்று பேசும் படத்தை போனில் காட்டினார்களாம்.

“என்ரை மகள்தான் எண்டு சொன்னனான். என்ன கதைச்சவள் எண்டு கேட்டாங்கள். செத்ததுகளைப் பற்றிக் கதைச்சிருப்பாள் எண்டன்,” என்றார் அம்மா. பிறகு, “நீ வர வேண்டாம், பிள்ளை.”

ஏர்னஸ்ற் சொன்னதுதான் நடந்தது. அதனால் அவர்மேல் இருந்த வெறுப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் அவள் தனியே நிற்கும் அந்தப் படம் எடுக்கும்போது அவர் மண்டபத்திலேயே இல்லை. முன்வரிசையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. அதில் ஒருத்தியின் பிள்ளைப்பேற்றுக்குச் சாம்பவிதான் மூன்று நாள் துணை நின்றவள்.

ஐப்பசியில் பகேரியாவில் இன்னொரு பள்ளிக்கு வர முடியுமா என்று லோ வெர்தே கேட்டார். வருகிறேன் என்றாள். தமிழர் ஒருவரையும் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.