முகம் வாடாமல்

ஆபீஸ் வாசலில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் நிழல் இருந்தது. அதை மணிமாறனுக்கு விட்டுவிட்டு ராக்கப்பன் வெயிலில் நின்றான். மேலே ஏசி பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் மணிமாறனின் வலது கைக்கட்டில் விழாதபடி, அவ்வப்போது அவனைத் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தான். கைக்கட்டு என்றுதான் சொல்ல வேண்டும். மணிக்கட்டுக்குக் கீழே கட்டுவதற்குக் கை இல்லை.

எதிரே குவாரியிலிருந்து கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. துபாய்க்கு வடக்கே, ராஸ் அல் கைமாவில் இந்தப் பக்கம் மரம், பள்ளிவாசல், மனிதன் எல்லாமே ஒரே புழுதி நிறம்.

"ரொமெல் வந்துருவானா மாமா?" என்று மணிமாறன் கேட்டான்.

"வருவான். வாக்குக் குடுத்திருக்கான்ல."

மணிமாறன் ராக்கப்பனின் அக்கா மகன். டைல்ஸ் கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை. மண் தூளை அமுக்கி டைல்ஸாக்குகிற அந்த மெஷினின் வாயருகே ஒரு சென்சார் உண்டு. உள்ளே கை போனால் மெஷின் நின்றுவிடும். ஆனால் அதற்குக் கைக்கும் புழுதிக்கும் வித்தியாசம் தெரியாது. தூசி படிந்தாலும் நிறுத்திவிடும். ஆர்டர் நெருக்குகிற நாட்களில் அதனால் உற்பத்தி படுத்துவிடும் என்று, ஒரு வயரை மாட்டிச் சென்சாரை முடக்கிவிடுவார்கள். அன்று காலையில் வயரை மாட்டியவன் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன் ரொமெல். பக்கத்தில் நின்று மாட்டச் சொன்னவர் புரொடக்‌ஷன் இன்சார்ஜ் நெஸ்டர். இரண்டு பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். ராக்கப்பன் சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பேரையும் பார்த்தான். தினமும் நடக்கிற கூத்துதானே என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மணிமாறனுக்கு யாரும் சொல்லவில்லை. அடைத்திருந்த தூளைத் தட்டிவிட அவன் எப்போதும் போலக் கையை நீட்டினான்.

ஆம்புலன்ஸ் போன கையோடு வயரும் காணாமல் போயிற்று. சென்சாரை முடக்கியது மணிமாறனே என்று கம்பெனி சொல்லிற்று. சொந்தத் தப்பு என்று முடிவாகிவிட்டால் நஷ்டஈடு கிடையாது. விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதைத்தான் இன்றைய விசாரணை முடிவு செய்யப்போகிறது.

அக்கா ராக்கம்மாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழுவாள், தன்னை ஏசுவாள் என்று ராக்கப்பன் பயந்துகொண்டிருந்தான். அவள் இரண்டும் செய்யவில்லை. மெதுவாக, "எந்தக் கைடா தம்பி? சோத்துக் கையா?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஆமாம் என்றான். போனை வைத்த பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் மணிமாறனுக்குத் தாய்க்குத் தாயாக இருந்தவன் ரொமெல்தான். டியூட்டி முடிந்ததும் ஓடி வருவான். தலை துவட்டுவான், துணி துவைப்பான். அவர்கள் ஊரில் எல்லாரும் ஸ்பூனும் ஃபோர்க்கும் வைத்துச் சாப்பிடுகிறவர்களாம். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சோற்றை அள்ள மணிமாறனுக்கு அவன்தான் பழக்கினான். ராக்கப்பன் ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை விசாரணையில் சொல்லிவிடுவாயா என்று பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாகக் கேட்டான். ரொமெல் தரையைப் பார்த்தான். சிரித்தான்.

"ஓகே குயா. நோ ப்ராப்ளம்."

குயா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். அந்த வார்த்தையிலேயே ராக்கப்பனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ரூமில் சமைக்கிற சதக்கத்துல்லா பாய் மட்டும் அதை நம்பவில்லை. அவர் பிலிப்பைன்ஸ்காரர்களோடு கப்பலில் பல வருஷம் வேலை பார்த்தவர்.

"தங்கமான பிள்ளைக. ஆனா மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல அவுகளுக்கு வராது. கேட்டவன் முகம் வாடிரும்னு ஆமான்னு சொல்லி வச்சிருவாக. அந்த ஆமாவ நம்பி நீ கூரை மேயாத" என்றார்.

ராக்கப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டால் வேறொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கும். ரொமெல் சொல்லிவிட்டால் தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அவனுக்குள் ஏற்கெனவே பாயை விரித்துப் படுத்திருந்தது.

கார் ஒன்று வந்து நின்றது. நெஸ்டர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ரொமெல் இறங்கினான். நன்றாக அயர்ன் பண்ணிய சட்டை போட்டிருந்தான். நேராக மணிமாறனிடம் வந்து, கொண்டுவந்திருந்த பன் பொட்டலத்தை அவன் இடது கையில் வைத்தான். ராக்கப்பனைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினான். அவர்களில் அதுவும் ஒரு ஆமாம்தான். ராக்கப்பனும் தலையாட்டினான்.

உள்ளே போன ரொமெல் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வெளியே வந்துவிட்டான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மணிமாறனின் தோளில் கையை வைத்து லேசாக அழுத்தினான். பிறகு தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் பக்கம் விறுவிறுவென்று நடந்துபோனான். அடுத்து ராக்கப்பனைக் கூப்பிட்டார்கள்.

அறை ஜில்லென்று இருந்தது. மேஜைக்குப் பின்னால் சேஃப்டி ஆபீசரும் நெஸ்டரும் அட்மின் மேனேஜர் வாசுவும் இருந்தார்கள். வாசு திருச்சிக்காரர். சூளைப் பக்கம் வெந்துகொண்டிருந்த ராக்கப்பனை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றிவிட்டவர். அப்பா செத்த அன்று மதியமே டிக்கெட் போட்டு அனுப்பிவைத்தவர். இரண்டு தடவை கேட்டதற்கே மணிமாறனுக்கு விசா எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவர் வீட்டில் பண்டிகைக்குக் கூப்பிட்டு, அவர் மனைவி ஜலஜா கையால் பரிமாறிச் சாப்பிட்டிருக்கிறான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்த பிள்ளை அவன்.

சென்சாரைத் தான் தொடவே இல்லை, காலையில் அது நன்றாகத்தான் இருந்தது என்று ரொமெல் சொல்லிவிட்டதாக வாசு தெரிவித்தார். ராக்கப்பனுக்குக் காது அடைத்தது. வாசு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவன் கண்ணைப் பார்க்காமல், அன்பாகவே கேட்டார்.

"நீங்க அந்தப் பக்கம் எங்க போகப் போறீங்க ராக்கப்பன்? ஃபோர்க்லிஃப்ட்லதான இருந்தீங்க? நீங்க எதையும் பாத்திருக்க முடியாது, இல்லையா?"

பதிலையும் அவரே சேர்த்துக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள்வதுதான் பாக்கி. இல்லை சார், பார்த்தேன் என்று சொல்ல வாய் எடுத்தான் ராக்கப்பன். சொன்னால் இத்தனை பேர் முன்னால் வாசு சாரின் முகம் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தான். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

"ஆமா சார்" என்றான்.

வெளியே வந்தபோது மணிமாறன் நிழலைவிட்டு வெயிலுக்கு வந்து காத்திருந்தான். ரொமெல் கவிழ்த்துவிட்டான் என்பதை அவன் நடையைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தான். அவன் முகம் வாடிப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல ராக்கப்பனுக்கு நெஞ்சில் பலம் இல்லை.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாப்ள. அவய்ங்கதான் கேக்கல" என்றான்.

மணிமாறன் குனிந்து, முழங்கைச் சட்டையில் கண்ணைத் துடைத்தான்.

"நீ ஒருத்தனாச்சும் சொன்னியே மாமா. அது போதும்."

அன்று மாலை ராக்கப்பன் பிலிப்பைன்ஸ்காரர்களின் ரூமுக்குப் போனான். ரொமெலின் பல்லை உடைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று போனான். ரொமெல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் மணிமாறனின் சட்டை. ஒரு கையால் மாட்டுவது கஷ்டம் என்று பட்டன்களைப் பிரித்துவிட்டு, அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் கண் வீங்கியிருந்தது. சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியும் அவன் எதிர்க்கவில்லை. நெஸ்டர் தன் மகளுக்கு ஞானத்தகப்பன் என்றான். தன் அம்மாவின் ஆபரேஷனுக்கு ஆள் ஆளாகக் கேட்டுப் பணம் திரட்டியவர் என்றான். அதற்கு அவர்கள் பாஷையில் ஒரு பெயர் சொன்னான். மனசுக்குள் இருக்கிற கடன் என்று அர்த்தமாம், எந்தக் காலத்திலும் அடையாதாம். அவருக்கு அவமானம் தேடித் தந்தால் தன் ஊரில் ஒரு வாசல்படியும் தன்னை ஏற்காது என்றான். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நீயும் பாத்தியே குயா. நீ சொன்னியா?"

ராக்கப்பனின் பிடி தானாக விட்டது. ரொமெலுக்குப் புரிந்துவிட்டது. சட்டையை மறுபடி மடியில் எடுத்துப்போட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தான். மணிமாறனிடம் சொல்லிவிடாதே என்று அவனிடம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. யார் முகமும் வாடாமல் பார்த்துக்கொள்கிறவன் அவன். எந்தக் குணத்துக்காக அவனை அடிக்க வந்தோமோ அதே குணத்தின் நிழலில் ஒதுங்கி நிற்கிறோம் என்று ராக்கப்பனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டான்.

சொந்தத் தப்பு என்றே முடிவாயிற்று. மணிமாறன் கிளம்புகிற வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு கேண்டீனில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒரு விருந்து வைத்தார்கள். யார் ஊருக்குப் போனாலும் அவர்கள் அதைச் செய்யாமல் விடுவதில்லை. பெரிய தட்டில் நூடுல்ஸ், கேக், ஒரு கிடார். மணிமாறன் ஒட்டுப்பட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரொமெல் ஊட்டிவிட வந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டான். ரொமெல் கோபிக்கவில்லை. ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் எடுத்துவந்தான்.

நெஸ்டர் வந்தார், வாசுவும் கூட வந்தார். கம்பெனி சார்பில் பளபளவென்று பேப்பர் சுற்றிய பெரிய சாக்லேட் பெட்டி ஒன்றை நெஸ்டர் நீட்டினார். அம்மாவுக்கு, அம்மாவுக்கு என்று இரண்டு முறை சொன்னார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது. அது நடிப்பு என்று ராக்கப்பனால் நினைக்க முடியவில்லை. அப்படி நினைக்க முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

எல்லாரும் போட்டோவுக்கு வரிசையாக நின்றார்கள். மணிமாறன் நெஸ்டரையும் ரொமெலையும் தாண்டிக் கண்ணால் தேடினான்.

"நீ என் பக்கத்துல நில்லு மாமா" என்றான். "இங்க எனக்குன்னு பேசுன ஆளு நீ ஒருத்தன்தான்."

ராக்கப்பன் போய் நின்றான். மணிமாறன் முழு பாரத்தையும் அவன் தோளில் சாய்த்துக்கொண்டான். மறுபக்கம் ரொமெல் நின்றான். போன் பிடித்திருந்தவன் அதைக் கீழே இறக்கி, கட்டு தெரிகிறது, படம் நன்றாக இருக்காது என்று சைகை காட்டினான். ரொமெல் உடனே சாக்லேட் பெட்டியை எடுத்து மணிமாறனுக்கு முன்னால் பிடித்தான். பெட்டி பெரியது. ஒரு பக்கம் சரிந்தது.

ராக்கப்பன் குனிந்து, மறுமுனையைப் பிடித்துச் சமமாகத் தூக்கினான். இப்போது கட்டு தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.