ட்ரோனுக்கு வைத்த பொட்டு

தங்கப்பாண்டி என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும் என்று ஒன்பது மாதம் காத்திருந்தேன். சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி ஆத்தாளிடம் வேண்டுதலே வைத்தேன். அந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடு என்று கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் அவர் மூக்கு அறுபடவேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஆடி மாதம் கையில் கறுப்புப் பெட்டியோடு வந்தார். பழனிசெட்டிபட்டியில் உசேன் பாயின் செல்போன் கடையில், ஓரமாக ஒரு மேசை போட்டு நான் ட்ரோன் ரிப்பேர் பார்க்கிறேன். அதற்கு முன்னால் மூன்று வருடம் இதே தங்கப்பாண்டியின் ஸ்டுடியோவில் ட்ரோன் ஓட்டினேன். கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் எந்தக் கல்யாண வீடியோவில் மேலேயிருந்து எடுத்த காட்சி வந்தாலும், அதில் பாதி இந்த ஹேமாவதி எடுத்தது. அந்தப் பெயரைத்தான் அவர் ஒரே நாளில் கெடுத்தார்.

போன ஐப்பசி, சின்னமனூரில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் மணமேடைக்கு நேர் மேலே ட்ரோனை நிறுத்தினேன். திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. மண்டபத்துக்குள் எப்போதும் வருவதுதானே என்று தள்ளிவிட்டேன். ரிமோட்டிலிருந்து கையை எடுத்தால் அது நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். நிற்காமல் தானாக இடது பக்கம் நகர்ந்தது. இழுத்துக் கொண்டுவந்தேன், மறுபடியும் நகர்ந்தது. மூன்றாவது தடவை மாப்பிள்ளையின் அம்மா கொண்டையில் போய்ச் சிக்கியது. மல்லிகைச் சரமும் முடியும் இறக்கையில் சுற்றிக்கொள்ள, கடைசியில் கத்தரிக்கோல் வைத்து வெட்டித்தான் எடுத்தார்கள். முகூர்த்த நேரத்தில் முடி வெட்டுப்பட்டால் எந்த அம்மா சும்மா இருப்பாள்? அந்த அம்மா அழுத அழுகையில் மேளமே நின்றுபோனது.

தங்கப்பாண்டி மேடைக்கு ஓடிவந்தார். அவருடைய அப்பா இறந்ததற்கு எடுத்த மீசை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்தப் புள்ளைக்குக் கை நடுங்கும்மா. தெரிஞ்சும் இவகிட்டக் குடுத்தது என் தப்பு."

பக்கத்தில் மைக் திறந்திருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. எனக்காம், கை நடுங்குமாம். மேகமலைக் காற்றிலேயே ட்ரோனை அசையாமல் நிறுத்தியவள் நான். அன்று சாயங்காலமே மாவட்டப் போட்டோ வீடியோ சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு 'நடுங்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு காதுகுத்துக்குக்கூட யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் இப்போது என் மேசையில் பெட்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மதுரையில ரெண்டு தடவ காட்டியாச்சு. எறக்கைய மாத்துனாக, உள்ள போர்ட மாத்துனாக. வெளிய நல்லா நிக்கிது, மண்டபத்துக்குள்ள போனா நகருது. ஆவணியில ஆறு கல்யாணம் ஒத்துக்கிட்டேன்."

"இப்ப யாருண்ணே ஓட்டுறா? அவுகளுக்கும் கை நடுங்குதா?"

"மிஷின்லயும் கோளாறு இருக்கும்போல" என்றார்.

மிஷினிலுமாம். அப்படியென்றால் என் கை நடுங்கியதும் நிஜம்தானாம். நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவர் தலை மறைந்ததும் ட்ரோனைப் பிரித்தேன். இறக்கைகளின் ஓரத்தை விரலால் தடவினேன், வெட்டு இல்லை. மோட்டார்களைச் சுற்றினேன், கரகரப்பு இல்லை. உசேன் பாயின் கேரம் போர்டை ரசமட்டம் பார்த்துப் போட்டு, அதன் மேல் ட்ரோனை வைத்துச் சமநிலை அளவைச் சரிசெய்தேன். மொட்டை மாடியில் பறக்கவிட்டால் ஆணி அடித்ததுபோல் நின்றது. கீழே குடோனுக்குள் விட்டால் அதே பழைய புத்தி, இடது பக்கம் நகர்ந்தது.

வெட்டவெளியில் ட்ரோன் சாட்டிலைட்டை வைத்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். கூரைக்கு அடியில் சாட்டிலைட் கிடைக்காது. அப்போது வயிற்றுக்கு அடியில் இருக்கும் இரண்டு சின்னக் கேமராக் கண்களால் தரையைப் பார்த்துத்தான் நிற்கும். ட்ரோனைக் கவிழ்த்து டார்ச் அடித்தேன். இரண்டு குழியிலும் அழுக்கு மாதிரி ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. ஊசியால் கொஞ்சம் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம். அதன் நடுவில் ஒரு துளி குங்குமம்.

ஆயுத பூசைப் பொட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும். தங்கப்பாண்டியின் பக்தி ஊருக்கே தெரியும். ஆயுத பூசை அன்றைக்குக் குளித்து வேட்டி கட்டி, கேமரா, ஸ்டாண்டு, லைட்டு, பைக்கு, கால்குலேட்டர் வரைக்கும் தன் கையாலேயே பொட்டு வைப்பார். வேறு யாரையும் கிட்டேயே விடமாட்டார். பொட்டை வைத்துக் கண்ணை அடைத்தது அவர், பழி மட்டும் எனக்கு.

உசேன் பாய் எட்டிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? ஸ்பிரிட்ட வச்சுத் தொடச்சுக் குடுத்துரும்மா. புண்ணியமாப் போகும்."

"புண்ணியமெல்லாம் வேணாம் பாய். எனக்கு அந்தாளு மூஞ்சியப் பாக்கணும்."

சந்தனத்தைத் துடைக்காமல் அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் தங்கப்பாண்டி வந்ததும், "கோளாறு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. கூலி வேணாம். ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் மொதல்ல நீங்க பறக்கவிடணும், அப்புறம் நான். அது என் கைத்தப்பு இல்லன்னு தெரிஞ்சா மைக்குல சொல்லணும்" என்றேன். கோளாறு என்ன என்று கேட்டார். அங்கே சொல்கிறேன் என்றேன். ஆறு கல்யாணம் தலைக்கு மேல் நிற்கும்போது மனுஷன் என்ன செய்வார்? தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு மண்டபத்தில் கூட்டம். இருநூறு பேர் இருப்பார்கள். என்னை 'நடுங்கி' என்றவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கப்பாண்டி ட்ரோனைத் தூக்கினார். அது இடது பக்கம் நகர்ந்தது. இழுத்தார், நகர்ந்தது. நெற்றியில் வேர்வை வழிய மறுபடியும் இழுத்தார். அது பேனரில் முட்டித் தலைவருடைய நாற்காலியில் விழுந்தது. யாரோ பின்னாலிருந்து, "அண்ணனுக்கும் கை நடுங்குதுடோய்" என்றார்கள். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தேனாக இனித்தது. பொய் சொல்லமாட்டேன், இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாகத்தான் எழுந்து போனேன்.

ட்ரோனைக் கவிழ்த்துப் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு இரண்டு கண்ணையும் துடைத்தேன். மஞ்சளும் சிவப்புமாக வந்த பஞ்சை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன். ஆட்டம் கண்டிருந்த ஒரு இறக்கையை மாற்றிவிட்டு, ட்ரோனை ஆள் உயரத்துக்கு ஏற்றினேன். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அது இம்மியும் அசையாமல் நின்றது.

அதைக் கீழே இறக்கிவிட்டு மைக்கை எடுத்தேன். "இந்தப் பொட்ட வச்சது யாருண்ணே?"

தங்கப்பாண்டி பஞ்சையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"நாந்தான் வச்சேன். மிஷினோட கண்ண அடச்சது நானு. ஹேமாவதிக்குக் கை நடுங்கல. நான் அன்னைக்கிச் சொன்னது பொய்."

கைதட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். வெளியே வருவதற்குள் ஆவணியில் இரண்டு கல்யாணம் பேசியாகிவிட்டது. எனக்கு அது போதவில்லை. மூக்கறுபட்ட மனுஷனைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று வண்டி நிற்கும் இடத்துக்கே போனேன். பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருந்துச்சுண்ணே, அத்தன பேரு சிரிச்சது?"

கயிற்றை இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"போன ஆயுத பூசைக்கு எங்கய்யா செத்துப் பத்து நாளு ஆத்தா. தீட்டு. நான் கடைக்குள்ளயே வரல. வாசல்ல நின்னுக்கிட்டு ஒன்னத்தான வைக்கச் சொன்னேன். பஞ்சப் பாத்தப்பத்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. "ட்ரோனுக்கும் மறந்துறாத" என்று வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது. மேலே வைத்தால் அழிந்துபோகும் என்று நான்தான் அதைக் கவிழ்த்தேன். விரல் நுனிக்கு அளவாக இரண்டு குழி இருந்தது. அதுதான் கண் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டு, எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று நின்று பார்த்ததும் நான்தான்.

"அப்ப ஏன் அங்கன சொல்லல?"

"ஒரு தடவ அத்தன பேரு முன்னாடி ஒன்னச் சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்ல மனசு வரல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒன்பது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்த கோபத்தை ஒரே பேச்சில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று குழுவில் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் அழித்தேன். அழித்ததற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது. ஆவணியில் எட்டுக் கல்யாணம் ஓட்டினேன். இப்போது யாரும் என்னை 'நடுங்கி' என்பதில்லை.

இந்த வருடம் ஆயுத பூசைக்குத் தங்கப்பாண்டி என்னையும் உசேன் பாயையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டிருந்தார். சங்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். எல்லாச் சாமானுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், ட்ரோனிடம் வந்ததும் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நீயே வையி ஆத்தா. என்னைய நம்ப முடியாது, கண்ண மறச்சுப்புடுவேன்."

எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் விரலைச் சந்தனத்தில் தொட்டு ட்ரோனின் முதுகுக்குக் கொண்டுபோனேன். கை நடுங்கியது. சந்தனம் மேசையில் சொட்டியது. தங்கப்பாண்டி அதைப் பார்த்தார். மற்றவர்கள் பார்ப்பதற்குள் மேல்துண்டால் துடைத்துவிட்டார்.