உமிக்கூடையில் பதினான்கு முட்டைகள்

மண்ணச்சநல்லூரில் மலர்க்கொடி வளர்த்த ஆறு கோழிகளையும் சேவலையும் ஒரே விடியலில் தெருநாய்கள் கடித்துப் போட்டுவிட்டன. அடைக்கு உட்காரவிருந்த கருங்கோழிகூடத் தப்பவில்லை. மிஞ்சியவை, அடை வைப்பதற்கென்று எட்டு நாளாக அவள் சேர்த்திருந்த பதினான்கு முட்டைகள்தான். ஈர மணல் பரப்பிய சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி, கழுவாமல் வைத்திருந்தாள்.

"ஆம்லெட் போட்டுடலாமா?" என்று கேட்ட கணவன் மாதவன், அவள் முகத்தைப் பார்த்ததும் எடுத்த கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டான்.

"இன்னும் நாள் தள்ளினா பொரிக்காதுங்க. திருவெறும்பூர்ல லிசி அக்கா இன்குபேட்டர் வச்சிருக்காங்கல்ல, நான் கிளம்புறேன்."

ரைஸ் மில்லில் உமி வாங்கிக் கூடையில் கொட்டி, முட்டைகளை அதற்குள் புதைத்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கூடையை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தாள். "குழந்தையாம்மா?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஆமாங்க, பதினாலு!" என்றாள்.

லிசி முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். இரண்டில் மயிரிழை விரிசல். அவற்றை ஒதுக்கினாள்.

"மீதிய உடனே உள்ள வைக்கக் கூடாது மலரு. பஸ்ல குலுங்கி வந்துருக்கு. சாயங்காலம் வரைக்கும் அசையாம இருக்கட்டும்."

ஏழாம் நாள் மலர்க்கொடி மறுபடி ஓடி வந்தாள். ஜன்னலை மூடிவிட்டு லிசி முதல் முட்டைக்கு அடியில் டார்ச்சைப் பிடித்தாள். உள்ளே செந்நூல் போல நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடித்தது.

"அக்கா, உயிரு! உயிரு இருக்கு!"

பன்னிரண்டில் பத்து உயிரோடு இருந்தன. அதன்பின் மலர்க்கொடி தினமும் நான்கு முறை போன் செய்து லிசியைப் பிய்த்தெடுத்தாள்.

இருபத்தோராம் நாள் காலையில் லிசியே அழைத்தாள். "சத்தம் கேக்குது. ஓடி வா!"

அவள் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து குஞ்சுகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் ஒன்பது. பத்தாவது குஞ்சு ஓட்டில் துளை போட்டதோடு சரி. நேரம் ஆக ஆக, உடைத்து விடலாம் என்று மலர்க்கொடிக்குக் கை பரபரத்தது.

"கைய வைக்காத! அதுவே வரணும்," என்று லிசி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை நான்கு மணிக்கு ஓடு இரண்டாகப் பிளந்தது. நனைந்த கறுப்புக் குஞ்சு ஒன்று உருண்டு விழுந்து, எழுந்து நிற்கப் பார்த்து, மறுபடி விழுந்தது. வீடியோ காலில் மாதவன் விசிலடித்தான். மலர்க்கொடிக்கு அப்போதுதான் தான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது.