கமாண்டர் கடிதம் கேட்ட மேஜர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு விடுப்புப் படிவத்திலிருந்து பிறந்தது. மினியாபொலிஸில் ஒரு விமான நிறுவனத்தின் விடுப்புப் பிரிவில் பதினேழு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். (நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்குக் கதையும் வேண்டும், சம்பளமும் வேண்டும்.) ஒருநாள் வந்த படிவத்தில், படைப்பணிக்காக விடுப்பு கேட்ட விமானியின் கையெழுத்தும், அந்த விமானியைப் பணிக்கு அழைத்த கமாண்டரின் கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஏதோ தில்லுமுல்லு என்று நினைத்தேன். இல்லை, இரண்டும் ஒரே ஆள். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு டிசம்பர் காலையில்…" அடித்துவிட்டேன். இந்த ஊரில் டிசம்பரில் பனி கொட்டாவிட்டால்தான் எழுத வேண்டும். அடுத்து: "சட்டம் என்ன சொல்கிறதென்றால்…" இதைப் படித்துவிட்டு என் மனைவி பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். ஆகவே, ஒரு தொலைபேசிப் பேச்சிலிருந்து தொடங்குகிறேன்.

2.

வெண்டல் ஆகர்மன் எங்கள் நிறுவனத்தின் தலைமை விமானி. முந்நூறு விமானிகளின் விடுப்பு அவர் கண்ணில் பட்டுத்தான் என்னிடம் வரும். மாதத்தில் ஒரு வாரக்கடைசி மட்டும் சீருடை மாட்டிக்கொண்டு தேசியக் காவல்படையின் சரக்கு விமானத்தை ஓட்டுவார். அங்கே அவர் மேஜர். லார்னா ட்வைட் இங்கே அவருக்குக் கீழே துணை விமானி. அங்கேயோ அவருடைய படைப்பிரிவுக்கே கமாண்டர். (கமாண்டரை 'அவள்' என்று எழுதப்போகிறேன். இரண்டு பேரையும் 'அவர்' என்றால் நீங்கள் குழம்பிப்போவீர்கள்.)

திங்கட்கிழமை வெண்டல் அவளைக் கூப்பிட்டார்.

"லார்னா, பன்னண்டு, பதிமூணு, பதினாலு, மூணு நாளும் லீவு கேட்டிருக்கே. அந்தச் சனிக்கிழமை காலையில பிஸ்மார்க் டிரிப் உன் தலையிலதானே விழுந்திருக்கு?"

"ஆமா."

"என்ன பொருத்தம் பாரு! உனக்கு மோசமான டிரிப் விழற அன்னிக்குத்தான் நாட்டுக்கு ஆபத்து வருது."

"அலாஸ்காவுக்குச் சரக்கு போகுது, வெண்டல். ஆர்டர் இருக்கு."

"சரி, கமாண்டர்கிட்டருந்து ஒரு லெட்டர் வாங்கி அனுப்பு."

"கமாண்டர் நான்தான்."

"தெரியும்… தெரியும், மேடம். ஆனா உனக்கு நீயே லெட்டர் குடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கு? உங்களுக்கு அடுத்த ஆபீசர் யாராவது குடுக்கட்டும்."

"எனக்கு அடுத்த ஆபீசர் நீங்கதான், மேஜர்."

[* 'நீ'யிலும் 'நீங்க'ளிலும் வெண்டல் கால் மாற்றிக் கால் வைத்தது என் மொழி செய்த குறும்பு. அவர்கள் பேசும் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. அவர் மனதுக்குள் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.]

வெண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. போனை வைத்த கையோடு தலைமையகத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினார்: "டிசம்பரில் கேட்கப்பட்ட இந்த விடுப்பு சந்தேகத்துக்குரியது. நிறுத்தி வைக்கவும்." நகல், எனக்கும் எல்லாத் துறைகளுக்கும். இத்தனை குறுகிய விடுப்புக்குக் கடிதமே தேவையில்லை, முன்கூட்டிச் சொன்னாலே போதும். அந்தக் கடிதம் வெண்டலின் சொந்தக் கண்டுபிடிப்பு.

3.

நியாயமாகப் பார்த்தால் எனக்கும் லார்னா மேல் சந்தேகம் இருந்தது. ஒரு வரைவில் அவளைப் பனிச்சறுக்குக்கே அனுப்பிவிட்டேன். "லார்னா தன் சறுக்குப் பலகையைக் காரின் மேல் கட்டும்போது" என்று எழுதியவன், அங்கேயே நிறுத்தினேன்.

காரணம் சம்பளம். எங்கள் நிறுவனத்தில் ஒரு விமானி நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்து, யாரோ யாருடைய தூண்டில் பெட்டியையோ திருடிய வழக்கைக் கேட்டுத் தூங்கி வழிந்தால் முழுச் சம்பளம். நாட்டுக்காகச் சரக்கு விமானம் ஓட்டினால் அந்த மூன்று நாளுக்கும் பூஜ்யம். (ஏன் என்று மேலதிகாரியைக் கேட்டேன். "ரெண்டும் வேற வேற ஃபாரம்" என்றார்.) படையில் கிடைப்பது இங்கே இழப்பதில் பாதிகூட வராது. கைக்காசைப் போட்டு யாராவது டிமிக்கி கொடுப்பார்களா? அப்படியானால் அவள் எதற்காகப் போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

4.

புதன்கிழமை காலை வெண்டலின் போனுக்கு ஆர்டர் வந்தது. லார்னாவின் விடுப்பு தொங்கலில் இருப்பதால், அலாஸ்கா விமானத்துக்கு அடுத்த பெயர்: மேஜர் ஆகர்மன்.

பதிமூன்றாம் தேதி லூசியா திருநாள்: ஸ்வீடனிலிருந்து வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் வெள்ளை கவுனில் மெழுகுவத்தி ஏந்தி நடப்பார்கள், முன்னால் போகிறவள் தலையில் விளக்குக் கிரீடம் இருக்கும். வெண்டலின் மகள் சிக்னே நாலு வருடமாக மற்ற பெண்களுக்குப் பின்னால் ஒற்றை மெழுகுவத்தி பிடித்து நடந்தவள். இந்த வருடம் விளக்குக் கிரீடம் அவள் தலைக்கு. சனிக்கிழமை விடிகாலை, தேவாலயத்தில்.

அவர் மனைவி மார்லிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"போன வருஷம் டென்வர். அதுக்கு முந்தின வருஷம் குவைத். இந்தத் தடவை எங்கேன்னு சொல்லிடு. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வெண்டல் காபியை அப்படியே வைத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து லார்னாவைக் கூப்பிட்டார்.

"மேடம், பட்டியல்ல என் பேர் எப்படி வந்துச்சு?"

"முதல்லருந்தே உங்க பேர்தான் இருந்துச்சு, மேஜர். நான்தான் அதை அடிச்சுட்டு என் பேரைப் போட்டேன். போன மாசம் பிளேன் நிறுத்துற ஹேங்கர்ல, அந்த வெள்ளை கவுனை உங்க பொண்ணு போட்டுப் பாத்த படத்தை ஆளாளுக்குக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களே. என்கிட்ட மட்டும் ரெண்டு தடவை."

வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது, வேறு சொல் இல்லை.

"சொல்லியிருக்கலாமே."

"கமாண்டர் சலுகை காட்டுறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கணுமா? இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பட்டியல் மூடிடும். அதுக்குள்ள என் லீவு கிடைச்சா நான் போறேன். இல்லேன்னா தடிமனான கோட்டாப் பாத்து எடுத்துக்குங்க. அங்கே குளிர் கொல்லுது."

5.

முடிவுகள்.

முதல் முடிவு: வெண்டல் சத்தமில்லாமல் விடுப்பைக் கொடுத்துவிட்டு, லார்னா வீட்டு வாசலில் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் ஒரு பாத்திரம் வைத்துவிட்டு வருகிறார். இந்த ஊரில் மன்னிப்பு கேட்பது அப்படித்தான். ஆனால் தலைமையகம் நிறுத்தி வைத்ததைத் தலைமையகம்தான் விடுவிக்க வேண்டும்; அதற்கு வெண்டல் தன் மின்னஞ்சலை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். பாத்திரத்தை மின்னஞ்சலில் இணைக்க முடியாது.

இரண்டாவது முடிவு: பனிப்புயல் வந்து அலாஸ்கா விமானமே ரத்து. எழுதி முடித்துத் தேநீர்கூடக் குடித்துவிட்டேன். பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. வெண்டல் செய்ய வேண்டியதைப் புயல் வந்து ஏன் செய்ய வேண்டும்?

மூன்றாவது முடிவில் வெண்டல் தன் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"மேற்படி விடுப்பை மறுபரிசீலனை செய்ததில்" என்று எழுதினார். அழித்தார்.

"தகவல் பிழை காரணமாக" என்று எழுதினார். தகவலில் பிழையே இல்லை. அழித்தார்.

"லார்னா ட்வைட் விஷயத்தில் நான்"

இங்கே நிற்கிறது. இரண்டு தொடக்கங்களை அடித்துவிட்டு வந்தவன் நான். அவரைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. வெண்டலின் போன் ஒளிர்கிறது. சிக்னே அனுப்பிய படம்: தலையில் கிரீடம், பேட்டரி மெழுகுவத்திகளில் ஆறு எரிகின்றன, ஒன்று எரியவில்லை. "அப்பா, இதை நீ சரி பண்ணுவியா, அம்மாவைக் கேக்கட்டுமா?"

மணி நாலு ஐம்பத்திரண்டு. விடுப்புப் படிவம் என் மேசையில் இருக்கிறது. அந்த ஒரு வரி வந்தால்தான் தலைமையகம் விடுவிக்கும், நான் முத்திரை குத்த முடியும். அதை நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. கடைசியாக, தப்பை ஒப்புக்கொள்ளும் அந்தச் சொற்களை நான் யாரிடம், எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் சொல்லியிருப்பீர்கள். 'நான்' என்பதற்குப் பிறகு இடம் விட்டு வைத்திருக்கிறேன். எட்டு நிமிடம் இருக்கிறது.