நாலு கை உப்பு

மதியம் இரண்டு மணிக்கு ஐஸ் பெட்டியைத் திறந்த ஜீவமணி, கண்ணாடிக் குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்த சிவப்புக் கரைசல் அசையவில்லை. உறைந்துபோயிருந்தது.

நாலு வருஷமாகத் தட்டாம்பயற்றுச் செடிகளோடு மல்லுக்கட்டியவள் அவள். கல்லூரியில் பயறு டீச்சர் என்றே பெயர் விழுந்துவிட்டது. தேமல் விழுந்த இலைகளை அரைத்து, வைரஸைப் பிரித்து, நோயைப் பரப்பும் உள்சரக்கை நீக்கி, வெறும் புரதத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்வாள். கரைசலில் சாயம் கலந்து அமிலப் புளிப்பைக் கூட்டினால் போதும். அந்தத் துண்டுகள் தாமாகவே ஒன்றையொன்று தேடிப் பிடித்து உருண்டைக் கூடுகளாகும், சாயத்தையும் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். வெளியே மிஞ்சிய சாயத்தைக் கழுவியாயிற்று. இன்றைக்குச் சாயம், என்றைக்காவது மருந்து. துறைமுகத்துக் காற்று கருவாட்டு வாடையோடு ஜன்னலில் நுழையும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுகள் மிதப்பதை அவள் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லித்தராமல் அவை கூடுவதை நினைத்து ஒவ்வொரு முறையும் சொக்கிப்போவாள்.

அவற்றைப் படம் பிடிக்கும் நுண்ணோக்கி பெங்களூரில் இருந்தது. நாளை மறுநாள் அவள் முறை. விட்டால் இன்னும் ஒரு வருஷம். ஆராய்ச்சிப் பதிவோ சித்திரையோடு முடிகிறது.

"ஆக்னஸக்கா, ஐஸ்ல என்ன போட்டிய?"

ஆய்வக உதவியாளர் ஆக்னஸ், முத்துக்குளிக்கிற வீட்டில் பிறந்தவள். "உப்புதான் டீச்சர், நாலு கை. ஊரு போய்ச் சேருற வரைக்கும் குளுந்து கெடக்கணும்லா? மீனுக்கு அப்படித்தான போடுவோம்."

ஜீவமணிக்குக் கோபம் வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. உப்புப் பட்ட ஐஸ் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும்; உறைந்தால் கூடு உடைந்துபோகலாம். ஆனால் ஐஸில் வைக்கச் சொன்ன அவளே, உறையக்கூடாது என்று சொல்லியிருக்கவில்லை. குழாயை உள்ளங்கைகளுக்குள் பொத்தி உருக்கினாள்.

"ஒடஞ்சிருச்சா டீச்சர்?"

"தெரியல. பாப்போம்."

சுவரோரம் ஜெல் மணிகள் அடைத்த நீளக் குழாய் நின்றது. ஒவ்வொரு மணியிலும் பொடித் துளைகள். கூட்டை விட்டு வெளியேறிய சாயம் துளைதோறும் நுழைந்து நுழைந்து தாமதமாக இறங்கும். கூடு பெரிசு, துளைக்குள் புகாது. நேராக இறங்கி முதலில் வந்துவிடும். வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி ரயில் ஏறலாம். ஜீவமணி கரைசலை மேலே ஊற்றினாள். சிவப்பு ஒரே பட்டையாக அமிழ்ந்தது.

அரைமணி ஆயிற்று. பட்டை பிரியவில்லை.

"அப்பா கொண்டாற சிப்பிய அழுகப் போட்டுத்தான் உள்ள இருக்கத பாக்கணும்," என்றாள் ஆக்னஸ் மெதுவாக. "அத்தன நாளும் வீட்டுல ஒருத்தரும் பேசமாட்டாவ."

சொல்லிவிட்டுத் தன் வெள்ளைச் சேலையின் முந்தானையை இழுத்துக் குழாய்க்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள். வெள்ளையில் இப்போது தெளிவாகத் தெரிந்தது. சிவப்புப் பட்டைக்குக் கீழே ஒரு விரல்கடை தள்ளி, நூல் கனத்தில் வெளிறிய ரோஸ் கோடு ஒன்று தனியே இறங்கிக்கொண்டிருந்தது.

"சேலைய ஆட்டாதிய," என்றாள் ஜீவமணி. கழுவிய சின்னக் குழாய் ஒன்றை எடுத்துச் சொட்டும் வாயின் கீழே ஏந்தினாள்.